வெளிநாட்டுப் பாடசாலையோடு இணைய எந்தக் கதவைத் தட்டுவது?

"சர்வதேச மாணவர் பரிமாற்றம்" என்று தலைப்புப் போட்ட கடிதம் ஒன்றைப் பிள்ளை புத்தகப் பைக்குள் வைத்துக் கொண்டுவரும். ஏழு நாள், மூன்று நகரம், தலைக்கு இத்தனை லட்சம். இரண்டு வருடத்துக்கு முன் என் மகளும் அப்படியொன்று கொண்டுவந்தாள். நிகழ்ச்சி நிரலை வாசித்தேன். ஒரு நாள் கேளிக்கைப் பூங்கா, இரண்டு நாள் கடைத்தெரு, ஒரேயொரு முற்பகல் ஒரு பாடசாலை. வசதியுள்ளவர்கள் போய் வரட்டும், தப்பில்லை. ஆனால் அதன் பெயர் சுற்றுலா. பரிமாற்றம் என்று சொல்லி விற்பதில்தான் எனக்குக் கோபம்.

நான் கொழும்பில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் படிப்பிக்கிறேன். வெளிநாட்டுப் பாடசாலை ஒன்றோடு சேர்ந்து சுற்றாடலையும் கணினியையும் பிள்ளைகள் படிக்க, பணம் கேட்காத வழிகள் இருக்கின்றன. நான் முதலில் சொல்வது யுனெஸ்கோவின் இணைப் பாடசாலை வலையமைப்பு. ஏ.எஸ்.பி.நெட் என்பார்கள். 1953இல் 33 பாடசாலைகளோடு தொடங்கியது, இன்று 182 நாடுகளில் 12,000க்கு மேல். முன்பள்ளி முதல் ஆசிரியர் கல்லூரி வரை, அரச பாடசாலையோ தனியார் பாடசாலையோ, எதுவும் சேரலாம். இலங்கையில் இதற்குப் பொறுப்பு யுனெஸ்கோ தேசிய ஆணைக்குழு. பத்தரமுல்லை இசுருபாயவில், கல்வி அமைச்சின் கீழ் இருக்கிறது.

விண்ணப்பிப்பது பாடசாலை. பெற்றோரோ தனி ஆசிரியரோ விண்ணப்பிக்க முடியாது, அதிபர் முன்வர வேண்டும். ஆணைக்குழுவில் இருக்கும் தேசிய இணைப்பாளரிடம் விருப்பத்தைத் தெரிவித்தால், இணையத்தில் விண்ணப்பம் நிரப்ப வழி திறந்துவிடுவார். கொஞ்சக் காலம் வேட்பாளர் நிலையில் இருந்து வேலை செய்து காட்ட வேண்டும். பிறகு பாரிஸ் தலைமையகம் ஏற்றுக்கொண்டால் சான்றிதழ் வரும். அரச பாடசாலை என்றால் முதல் கடிதத்திலேயே வலயக் கல்விப் பணிப்பாளருக்கு ஒரு பிரதி போட்டுவிடுங்கள். பின்னால் "எங்களுக்குத் தெரியாதே" என்ற பேச்சு வராது.

சேர்ந்த பிறகு வருடத்துக்கு ஒரு செயற்திட்டமும் ஆண்டறிக்கையும் கொடுக்க வேண்டும். ஐக்கிய நாடுகளின் சர்வதேச தினங்களில் குறைந்தது இரண்டை முழுப் பாடசாலையும் சேர்ந்து அனுசரிக்க வேண்டும். பெப்ரவரி 2 ஈரநிலத் தினம், ஜூன் 5 சுற்றாடல் தினம் என்று இரண்டைப் பிடித்தால் கணக்குச் சரி. சுற்றாடல் முன்னோடிப் படையணி ஏற்கனவே இயங்கும் பாடசாலையில் பாதி வேலை முடிந்த மாதிரித்தான். அந்தப் பிள்ளைகளின் குறிப்பேடுகளைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தினாலே செயற்திட்டம் எழுத விஷயம் கிடைத்துவிடும்.

இதில் சேர்ந்தால் பணம் வராது, விமான டிக்கெட்டும் வராது. கிடைப்பது ஒரு பெயரும், மற்ற நாட்டுப் பாடசாலைகளின் கதவைத் தட்டும் உரிமையும். தட்டுவது நாம்தான்.

எந்தக் கதவை? பலரும் லண்டன், சிட்னி என்று ஓடுவார்கள். கொழும்புக்கு அதைவிடப் பொருத்தமான உறவு உண்டு. 2018இல் ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கையான ராம்சார் அமைப்பு உலகிலேயே முதன்முறையாக 18 ஊர்களுக்கு ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கொடுத்தது. அதில் கொழும்பும் ஒன்று. தென் கொரியாவின் சுன்சியோன், பிரான்ஸின் அமியென் இரண்டும் அதே பட்டியலில் இருக்கின்றன. அமியெனில் கால்வாய்களுக்கு நடுவே மரக்கறித் தோட்டம் செய்கிறார்கள். வெள்ளவத்தைக் கால்வாயைப் பாலத்தில் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டு பார்க்கும் நமது பிள்ளைக்கும், அமியென் பிள்ளைக்கும் கேட்டுக்கொள்ள எத்தனை கேள்வி இருக்கும்! சொல்லவும் நம்மிடம் கதை உண்டு. 2017 சித்திரைப் புத்தாண்டு நாளில் சரிந்த மீதொட்டமுல்ல குப்பை மலை, 2021இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்து கரையெல்லாம் ஒதுங்கிய பிளாஸ்டிக் மணிகள். பாடப்புத்தகத்துக்கு வெளியே பிள்ளைகள் கண்ணால் கண்டவை இவை.

ஆனால் கதை மட்டும் பரிமாறினால் இரண்டாம் மாதத்தில் அலுத்துவிடும். "ஹலோ, எங்கள் கொடி இது" என்பதற்கு மேல் போகாது. அளந்து பார்க்க ஏதாவது வேண்டும். அதற்கு நான் கைகாட்டுவது, பல நாட்டு மாணவர்கள் தங்கள் சுற்றாடலை அளந்து தரவு அனுப்பும் குளோப் திட்டம். 1994 பூமி தினத்தில் அமெரிக்கா அறிவித்து, அடுத்த வருடம் நடைமுறைக்கு வந்தது. நாசாவின் ஆதரவில் நடக்கிறது. இலங்கையும் அங்கத்துவ நாடு என்பதால் இங்கிருந்து தரவு அனுப்பலாம். குளோப் ஒப்சர்வர் என்ற செயலி இலவசம். முகில், நுளம்பு பெருகும் இடம், நிலப்பரப்பு, மரத்தின் உயரம் ஆகியவற்றை அதில் பதியலாம்.

கொழும்புப் பிள்ளைக்கு நுளம்புதான் சரி. டெங்கு வராத வீடு எது? எங்கள் கன்டீனுக்குப் பின்னால் மழைத் தண்ணீர் தேங்கிய யோகட் கப் ஒன்றைத் தரம் 8 பிள்ளைகள் கண்டுபிடித்தார்கள். முதலில் கப்பையும் இடத்தையும் படம் எடுத்தார்கள். பிறகு கொஞ்சத் தண்ணீரை வெள்ளைத் தட்டில் ஊற்றிக் குடம்பிகளை எண்ணினார்கள். போன் கமராவில் கவ்வி மாட்டும் சின்ன வில்லையை வைத்து ஒன்றைப் பெருப்பித்ததும், "டீச்சர், இது வாலால மூச்சு விடுது!" என்று ஒருத்தி கத்தினாள். சரியாகத்தான் பார்த்திருக்கிறாள். வால்பக்கம் இருக்கும் அந்தக் குழாயை வைத்துத்தான் இனம் பிரிப்பது. மலேரியா பரப்பும் அனோபிலிசுக்கு அது இல்லை, தண்ணீர் மட்டத்தோடு படுத்துக் கிடக்கும். டெங்கு பரப்பும் ஈடிசுக்குக் குட்டையான குழாய், தலைகீழாகத் தொங்கும். செயலி ஒவ்வொரு படியாகக் கேட்டுக்கொண்டே போகும். கடைசிக் கேள்வி, அந்த இடத்தை அழித்துவிட்டீர்களா என்பது. கப்பைக் கவிழ்த்துவிட்டு ஆம் என்று பதிந்தோம். அதிபருக்கு மட்டும் வயிற்றைக் கலக்கியது. நுளம்பு பெருக இடம்விட்டால் 2007இன் 11ஆம் இலக்கச் சட்டத்தில் வழக்குப் போடலாமே! பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) வருவதற்கு முன் நாமே கண்டுபிடித்தோமே என்று சமாதானம் சொன்னேன்.

பதிந்தது உலக வரைபடத்தில் ஒரு புள்ளியாக விழும். இங்கே ஒரு வாரம், அங்கே ஒரு வாரம் எண்ணி, மழையளவோடு ஒப்பிட்டுச் சுவரொட்டி செய்தால் அது பரிமாற்றம்.

நேரத்தை முதலிலேயே பேசி முடியுங்கள். நமக்குக் காலை 8 மணி என்றால் சுன்சியோனில் 11.30. நமது பிற்பகல் 1 மணி அமியெனில் குளிர்காலத்தில் 8.30, கோடையில் 9.30. அதாவது கொரியாவோடு முதலாம் பாடவேளை, பிரான்ஸோடு கடைசிப் பாடவேளை. முழு வகுப்பும் காணொளியில் உட்கார வேண்டியதில்லை. சிக்னல் இழுபட்டு எல்லோரும் "கேக்குதா, கேக்குதா" என்று கத்துவதைவிட, இரண்டு நிமிடக் காணொளியைப் பதிந்து அனுப்புவது மேல். மொழியிலும் பயம் வேண்டாம். எழுத்து ஆங்கிலத்தில் போகட்டும், பேச்சில் தமிழ் கேட்கட்டும், கீழே மொழிபெயர்ப்பு ஓடினால் போதும்.

பிள்ளைகளின் படம் வெளியே போவதற்கு முன் பெற்றோரின் எழுத்துமூல சம்மதம் வாங்கியாக வேண்டும். 2022இன் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 16 வயதுக்குக் குறைந்தவரைப் பிள்ளை என்கிறது. அவர்களின் தரவைச் சிறப்பு வகையில் சேர்த்து, பெற்றோர் அல்லது பாதுகாவலரின் சம்மதம் கேட்கிறது. படிவத்தைத் தமிழில் அடியுங்கள். ஆங்கிலப் படிவத்தை நம்மவர்கள் வாசிக்காமலே கையெழுத்துப் போட்டு அனுப்புவார்கள், அது சம்மதம் இல்லை. எந்தப் படம், எந்தப் பாடசாலைக்கு, எவ்வளவு காலத்துக்கு என்ற மூன்றும் அதில் இருக்கட்டும். முழுப் பெயர் போட வேண்டாம். குளோப்புக்கு முகமே தேவையில்லை, குடம்பியின் படம் போதும்.

ஓரிரு வருடம் இப்படி வேலை செய்த பிறகு மறுபக்கத்திலிருந்து பயண அழைப்பு வந்தாலும் வரலாம். வந்தால் யார் செலவு, யார் பொறுப்பு, எத்தனை நாள் பாடசாலைக்குள் என்று எழுத்தில் கேளுங்கள். 16 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் கடவுச்சீட்டுக்கு இரு பெற்றோரின் சம்மதமும் வேண்டும். அப்பா கட்டாரில் வேலை செய்கிறார் என்றால் அந்தக் கடிதம் வந்து சேரவே நாளாகும், அதை முதலில் தொடங்குங்கள்.