வேலை போன பிறகு: வழிகாட்டும் மையமும் இ.எஸ்.ஐ நிவாரணமும்

தமிழ்நாட்டில் நாம் இன்னும் 'எம்ப்ளாய்மெண்ட் ஆபீஸ்' என்றே சொல்லிவரும் அலுவலகத்தின் முழுப்பெயர் மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம். படிப்பு முடிந்ததும் பதிந்து, மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கிற இடமாக மட்டுமே பலரும் அதை அறிந்திருக்கிறார்கள். ஆனால் ஆலை மூடப்பட்டோ ஆட்குறைப்பிலோ நாற்பது வயதில் வேலையிழந்து, அடுத்து எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நிற்பவரும் அங்கே சென்று கட்டணமின்றி ஆலோசனை கேட்கலாம்.

உதிரிபாகத் தொழிற்சாலையில் பதினைந்து ஆண்டுகள் தரச் சோதனையில் இருந்த ஒருவர், தன் பயோடேட்டாவில் 'ஆபரேட்டர், 15 வருடம்' என்று ஒரே வரியில் எழுதிக்கொண்டு வருவார். வெர்னியரில் அளக்கவும், டிராயிங் படிக்கவும், புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு வேலை பழக்கவும் அவருக்குத் தெரியும் என்பது, எதிரே அமர்ந்து ஒருவர் பொறுமையாகக் கேட்கும்போதுதான் வெளிவரும். அந்த ஒரு வரி ஆறு வரியாக விரியும்போது, போகக்கூடிய வேலைகளும் தெரியத் தொடங்கும். வேலை போனதும் மனிதர் தன்மீதே இழந்துவிடுகிற நம்பிக்கை திரும்புவதற்கு இதுதான் முதல் படி என்று உறுதியாக நம்புகிறேன். தனியார் வேலைவாய்ப்பு முகாம்கள் பற்றியும், அரசு தொழிற்பயிற்சி நிலையங்களில் சேரும் வழி பற்றியும் அங்கேயே விசாரிக்கலாம்.

ஆலோசனை பயன்தர வேண்டுமானால் யோசிக்க அவகாசம் வேண்டும். வீட்டு வாடகை நெருக்கும்போது கிடைத்த வேலையில் விழத்தான் தோன்றும். தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீட்டு அமைப்பான இ.எஸ்.ஐ கழகம் 2018 ஜூலை முதல் நடத்திவரும் அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா அந்த அவகாசத்துக்கு உதவுகிறது. இ.எஸ்.ஐ காப்பீட்டில் இருந்து வேலையிழந்த தொழிலாளருக்குச் சராசரி நாள் ஊதியத்தில் பாதி, வாழ்நாளில் அதிகபட்சம் 90 நாட்களுக்கு, வங்கிக் கணக்கில் வழங்கப்படும். குறைந்தது இரண்டு ஆண்டுகள் காப்பீட்டில் இருந்திருக்க வேண்டும். வேலையிழப்புக்கு முந்தைய பங்களிப்புக் காலத்தில் (சந்தா கணக்கிடப்படும் ஆறு மாத காலம்) 78 நாட்களுக்கும், அதற்கு முந்தைய மூன்று காலங்களில் ஏதேனும் ஒன்றில் 78 நாட்களுக்கும் சந்தா செலுத்தப்பட்டிருக்க வேண்டும். அவ்வப்போது காலநீட்டிப்பு பெறும் திட்டம் என்பதால், கிளை அலுவலகத்தில் நடப்பு நிலையைக் கேட்டுக்கொண்டு விண்ணப்பிப்பது நல்லது.

மாநில அரசின் வேலைவாய்ப்பற்றோர் உதவித்தொகையை இத்துடன் குழப்பிக்கொள்ள வேண்டாம். பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய் தரும் அத்திட்டத்துக்குப் பதிவு செய்து ஐந்து ஆண்டுகள் நிறைவடைந்திருக்க வேண்டும். நேற்று வேலையிழந்தவருக்கு அது கைகொடுக்காது.

தூக்கம் கெட்டு, வீட்டாரிடம்கூடச் சொல்ல முடியாமல் தவிக்கும் நிலை வந்தால், தொலைபேசி வழி மனநல ஆலோசனைக்கான டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

ஒழுங்கு நடவடிக்கையால் நீக்கப்பட்டவர்களுக்கும் விருப்ப ஓய்வு பெற்றவர்களுக்கும் இ.எஸ்.ஐ நிவாரணம் கிடைக்காது. ஆகவே நிறுவனம் நீட்டும் கடிதத்தில், வேலையிலிருந்து விலகும் காரணம் எவ்வாறு எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் படித்துப் பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள். அதன் நகலையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.