ஹரிக்கேன்: புயலா, சூறாவளியா?

கரண்ட் போனால் பாட்டி அரிக்கேன் விளக்கைத்தான் எடுப்பார். கரி படிந்த கண்ணாடியைக் கழற்றி, சாம்பல் தொட்ட பழந்துணியை உள்ளே விட்டுத் துடைத்து மாட்டுவார். பெருங்காற்றிலும் அணையாத விளக்கு என்பதால், ஹரிக்கேன் என்ற ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. அந்த ஹரிக்கேனைத் தமிழில் எப்படிச் சொல்வது?

சொல்லின் பிறப்பிடம் கரீபியத் தீவுகள். அங்கே வாழ்ந்த தாயினோ மக்களிடமிருந்து ஸ்பானியர்கள் எடுத்து 'உராக்கான்' என்றார்கள். ஆங்கிலத்தில் அது ஹரிக்கேன் ஆனது. இன்று அட்லாண்டிக்கிலும் வடகிழக்குப் பசிபிக்கிலும் மணிக்கு 119 கிலோமீட்டருக்குக் குறையாமல் வீசும் புயலுக்கு இந்தப் பெயர். ஏறத்தாழ அதே வேகத்தில் வங்கக் கடலில் வந்தால், நம் வானிலைத் துறைக்கு அது 'மிகத் தீவிரப் புயல்'.

தமிழில் பலரும் சூறாவளி என்று எழுதுகிறார்கள். தப்பில்லை. 1978இல் மட்டக்களப்பைப் புரட்டிப் போட்டதை இலங்கைத் தமிழர்கள் சூறாவளி என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் சூறை என்றாலும் காற்று, வளி என்றாலும் காற்று. தரையைத் தொட்டுச் சுழலும் காற்றுத் தூணான டொர்னாடோவுக்கும் அதே சொல்லைப் போட்டுவிடுகிறோம். டொர்னாடோ வந்தால் நிலவறைக்குள் ஓட வேண்டும். ஹரிக்கேன் வரும்போது கடலோர வீட்டில் நிலவறைக்குள் போனால் உயிரே போய்விடும்.

ஏனென்றால் அங்கே ஆளைக் கொல்வது பெரும்பாலும் தண்ணீர். அமெரிக்காவில் 1963 முதல் 2012 வரை இப்புயல்களில் நேரடியாக இறந்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் நீரால் மாண்டவர்கள். மொத்தச் சாவுகளில் ஏறத்தாழ பாதிக்குக் காரணம் புயல் தள்ளிவரும் கடல். 2005இல் கத்ரீனா என்ற ஹரிக்கேன் வந்தபோது மிசிசிப்பி மாநிலக் கரையில் கடல் 27 அடிக்கு மேல் ஏறியது.

அதனால் என் தேர்வு புயல். "ஏரின் உழாஅர் உழவர் புயலென்னும் வாரி வளங்குன்றிக் கால்" என்ற குறளில் புயல் என்றால் மழை. பழந்தமிழில் மேகத்துக்கும் அதுவே பெயர். தண்ணீர் இந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

ஃபுளோரிடாவில் இருக்கும் அக்கா, புயல் பருவம் தொடங்கும் ஜூன் பிறந்ததும், தன் வீடு எந்த வெளியேற்ற மண்டலத்தில் இருக்கிறது என்று காட்டும் எழுத்தைத் தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவிடுவாள். ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் குடிநீர், மாத்திரைகள், ஜிப் கவரில் பாஸ்போர்ட், அப்புறம் பேட்டரி விளக்கு. தீப்பிடிக்கும் என்பதால் மண்ணெண்ணெய் விளக்கு வேண்டாம் என்கிறாள்.

நாகப்பட்டினத்தில் இருக்கும் அம்மாவிடம் போனில் ஒருமுறை "சூறாவளி வருது" என்றாள். "ஜன்னலைச் சாத்தும்மா" என்றார் அம்மா. அடுத்த முறை "புயல்" என்றாள். "கடல் எவ்வளவு தூரம்? எப்போ கிளம்புறீங்க?" என்று கேட்டார்.