ஓரியன் கச்சையில் கலந்து நிற்கும் இரண்டு தலைமுறை விண்மீன்கள்

தை மாத முன்னிரவில் கிழக்கே ஓரியனின் இடைக்கச்சை மூன்று விண்மீன்களாக நிற்கும். அவற்றில் கடைசியாக உதிக்கும் அல்நிடாக்கிற்குச் சற்றுத் தெற்கே மங்கலாகத் தெரிவது சிக்மா ஓரியானிஸ். சுமார் 1,300 ஒளியாண்டு தொலைவிலுள்ள அதைச் சுற்றி, பிறந்து 30 முதல் 50 லட்சம் ஆண்டுகளே ஆன விண்மீன் கூட்டம் ஒன்று உண்டு. அதே திசையில், ஏறத்தாழ ஒரு கோடி ஆண்டு வயதுள்ள இன்னொரு கூட்டமும் இருக்கிறது. படத்தில் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும்.

இவற்றைப் பிரித்தறிய, முதலில் அத்திசையிலுள்ள பழைய விண்மீன்களுக்கு நடுவே இளம் விண்மீன் எது என்று பொறுக்க வேண்டும். அகச்சிவப்பில் கூடுதலாக ஒளிர்ந்தால் சுற்றிலும் தூசுத்தட்டு இருக்கிறது என்று பொருள். ஆனால் சுமார் 30 லட்சம் ஆண்டுகளிலேயே பாதி விண்மீன்கள் தட்டை இழந்துவிடும். இதை மட்டும் நம்பினால் மூத்த கூட்டம் பெரும்பாலும் பட்டியலுக்கே வராது. தொலைதூர விண்மீன் மண்டலங்களும் இதே நிறத்தில் ஏமாற்றும்.

நல்ல சாட்சி லித்தியம். சுமார் 25 லட்சம் டிகிரி வெப்பத்தில் அது அழியும். எடை குறைந்த விண்மீன் உள்ளும் புறமுமாகக் கலங்கிக்கொண்டே இருப்பதால் மேற்பரப்பு லித்தியமும் சில கோடி ஆண்டுகளில் தீர்ந்துபோகும். ஆகவே சிவந்த, மங்கலான விண்மீனின் நிறமாலையில் 670.8 நானோமீட்டரில் லித்தியத்தின் ஆழமான கருங்கோடு இருந்தால், அது இளசு. ஆனால் 30 லட்சத்தையும் ஒரு கோடியையும் இந்தக் கோடு பிரித்துச் சொல்லாது. இரண்டிலும் லித்தியம் பெரும்பாலும் மிச்சமிருக்கும்.

அங்கேதான் வேகம் வேண்டும். 2006இல் வெளியான ஓர் ஆய்வு, இரு கூட்டங்களும் நம்மைவிட்டு விலகும் வேகத்தில் நொடிக்கு சுமார் 7 கி.மீ. வேறுபடுவதைக் காட்டியது: இளையது 31, மூத்தது 24. விலகும் வேகத்துக்கேற்ப நிறமாலைக் கோடு இடம் நகரும்; லித்தியம் கோட்டில் இந்த வித்தியாசம் வெறும் 0.016 நானோமீட்டர். பிரிதிறன் (நெருங்கிய அலைநீளங்களைப் பிரித்துக் காட்டும் திறன்) 2,000 உள்ள நிறமாலைமானியில் இது தொலைந்துபோகும். 15,000க்கு மேல் தேவை.

விண்மீன்களின் இடத்தையும் நகர்வையும் அளந்த கையா விண்கலத்தின் அளவீடுகளும் உதவும், ஒரு வரம்புவரை. ஓரியன் பெரும்பாலும் நேர்கோட்டில் நம்மைவிட்டு விலகுவதால் பக்கவாட்டு நகர்வு மிகக் குறைவு. தொலைவைக் கணக்கிட உதவுவது இடமாறு தோற்றம், அதாவது பூமி சூரியனைச் சுற்றுவதால் விண்மீன் இடம் மாறித் தெரியும் சிறு கோணம்; மங்கலான விண்மீனுக்கு அதில் 0.1 மில்லி ஆர்க்செகண்ட் (ஒரு மில்லி ஆர்க்செகண்ட் என்பது டிகிரியின் 36 லட்சத்தில் ஒரு பங்கு) பிழை வந்தாலே தொலைவில் 50 ஒளியாண்டு தவறும்.

அதிகம் குழப்புபவை இரட்டை விண்மீன்கள். ஒன்றையொன்று சுற்றுவதால் அவற்றின் வேகம் நாளுக்கு நாள் மாறும். ஒரே இரவு அளந்தால் தவறான கூட்டத்தில் விழும். இரண்டின் ஒளியும் சேர்வதால் உண்மையைவிட இளமையாகவும் தோன்றும். எனவே சில வார இடைவெளியில் மறுபடி அளக்க வேண்டும். அதன்பிறகும் நொடிக்கு 27, 28 கி.மீ. என்று நடுவில் நிற்பதை எந்தக் கூட்டத்திலும் திணிக்காமல், எதில் சேரும் என்ற நிகழ்தகவு எண்ணோடு பட்டியலில் வைப்பதே சரி.