பாஸ்வேர்ட் சரி, பக்கம் ஏன் திறக்கவில்லை?

கொழும்பு புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடைக்குச் சரக்கு இருப்புப் பார்க்கும் வலைச்செயலி ஒன்றை எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கணக்குப் பார்த்தவர் இன்று முகாமையாளராகிவிட்டார். காலையில் செய்த லொகின் அப்படியே இருக்கிறது. விலை மாற்றும் பக்கத்தைத் தட்டினால் மறுபடி லொகின் பக்கமே வந்து நிற்கிறது. உடனே பாஸ்வேர்டை மாற்றிப் பார்ப்பார்கள். அதனால் பிரயோசனமில்லை.

சேர்வர் கேட்பது இரண்டு தனித்தனிக் கேள்விகள். ஆள் யார்? அவருக்கு இதைச் செய்ய உரிமை உண்டா? முதலாவதில் தோற்றால் 401, இரண்டாவதில் தோற்றால் 403 என்ற பதில் எண்ணை அனுப்புவது முறை. நாமே எழுதும் லொகின் நிரல்களோ பல நேரம் இரண்டுக்கும் 302 (வேறு பக்கத்துக்குப் போ என்னும் எண்) கொடுத்து லொகின் பக்கத்துக்கே விரட்டிவிடும். ஆகவே ரோலை, அதாவது ஆளின் உரிமையைக் காட்டும் பதவிப் பெயரை, சோதிக்கும் வரிக்கு முன்னால் ஒரு லாக் (பதிவு வரி) போட்டு, அந்த நேரத்தில் ஆளின் பெயரும் ரோல்களும் என்னவென்று பாருங்கள்.

பெயரே இல்லையென்றால், லொகின் செய்ததற்கு அடையாளமாக பிரவுசர் அனுப்பும் குக்கீ வரவில்லை, அல்லது காலாவதி. பெயர் இருந்து ரோல் பொருந்தாவிட்டால்தான் சுவாரசியம். ஜாவா செயலிகளுக்கான பாதுகாப்பு நூலகமான ஸ்பிரிங் செக்யூரிட்டியில் ‘ஹேஸ்ரோல்’ சோதனைக்கு ‘மனேஜர்’ என்று கொடுத்தால், வழக்கமான அமைப்பில் அது முன்னால் ‘ரோல்_’ என்ற ஒட்டைச் சேர்த்துத்தான் தேடும். தரவுத்தளத்தில் வெறும் ‘மனேஜர்’ இருந்து, அதை அப்படியே ஏற்றியிருந்தால் கதை முடிந்தது. எந்த எச்சரிக்கையும் வராது, மறுப்பு மட்டும்தான் வரும்.

நம் முகாமையாளரின் சிக்கல் வேறு. லொகின் செய்ததும் சேர்வர் ஒப்பமிட்டுக் கொடுக்கும் அடையாளச் சீட்டான ஜேடபிள்யூடி டோக்கனில் ரோலை எழுதி வைத்தால், அது லொகின் செய்த நேரத்து ரோல். தரவுத்தளத்தில் பதவி மாறினாலும் டோக்கனுக்குத் தெரியாது. வெளியேறி மீண்டும் வந்தால் சரியாகிவிடும்.

டோக்கனின் காலாவதி நேரத்திலும் ஒரு பொறி உண்டு. அது 1970 ஜனவரி 1 முதல் யூடிசி என்ற உலகப் பொது நேரப்படி எண்ணும் விநாடிகள். கொழும்பு நேரம் அதைவிட ஐந்தரை மணிநேரம் முன்னால். உள்ளூர் நேரத்தையே யூடிசி என்று எழுதிவிட்டால் ஒரு மணிநேர டோக்கன் ஆறரை மணிநேரம் உயிரோடிருக்கும். யூடிசியில் ஓடும் கிளவுட் சேர்வரில் இந்தப் பிழை தலைகாட்டாது, உங்கள் லேப்டாப்பில் மட்டும் வரும்.

அப்புறம், பொத்தானை மறைப்பது சோதனையாகாது. ஒருவரின் ரோலைப் பறித்துவிட்டு, அவருடைய பழைய குக்கீயுடன், பிரவுசர் இல்லாமலே சேர்வரிடம் பேசும் ‘கர்ல்’ கட்டளையால், விலை மாற்றும் கோரிக்கையை நேரே அனுப்பிப் பாருங்கள். விலை மாறினால், சேர்வரில் சோதனை இல்லை, அல்லது பழைய ரோலையே நம்புகிறது.