செரினுக்குப் பதில் வந்து உட்காரும் போலி

பசிபிக் கடலிலுள்ள குவாம் தீவின் பூர்வகுடிகளான சமோரோ மக்களிடையே 1950களில் ஏஎல்எஸ் என்ற இயக்க நரம்பணு நோய் மற்ற நாடுகளைவிட 50 முதல் 100 மடங்கு அதிகமாக இருந்தது. கை தளரும், பேச்சு குழறும், கடைசியில் மூச்சுக்கான தசையும் ஓய்ந்துவிடும். அங்கே அதற்கு லிட்டிகோ என்று பெயர்.

சந்தேகம் சைகஸ் என்ற மரத்தின் விதை மேல் விழுந்தது. அதை ஊறவைத்து, காயவைத்து, மாவாக்கிச் சாப்பிடுவது அவர்கள் வழக்கம். அந்த மரத்தின் வேரில் குடியிருக்கும் நீலப்பச்சைப் பாசி பிஎம்ஏஏ என்ற நச்சை உண்டாக்குகிறது. விதை தின்னும் பழந்தின்னி வௌவாலின் உடம்பிலும் அது சேர்கிறது, அந்த வௌவாலும் விருந்தில் இடம்பெறும் என்று தாவரவியலாளர் பால் ஆலன் காக்ஸ் குழு சொன்னது.

சரி, பிஎம்ஏஏ என்ன செய்கிறது? செல் புரதம் கட்டும்போது அமினோ அமிலங்களை மணிகள்போல ஒவ்வொன்றாகக் கோக்கிறது. செரின் என்ற அமினோ அமிலம் வரவேண்டிய இடத்தில், அதன் சாயலில் இருக்கும் பிஎம்ஏஏ உட்கார்ந்துவிடும் என 2013இல் ஓர் ஆய்வு காட்டியது. ஒரு மணி மாறினாலே புரதம் சரியாக மடியாமல் போகலாம். அப்படிப்பட்டவை ஒட்டிக் கட்டியாகி நரம்பணுவைத் திணறடிக்கும். அப்போது செரினை ஏராளமாகக் கொடுத்தால்? போலிக்கு இடம் கிடைப்பது அரிதாகும். சோயாவிலும் முட்டையிலும் உள்ள அமிலம்தான் இது. பிஎம்ஏஏ தின்ற வெர்வெட் குரங்குகளின் மூளையில் புரத முடிச்சுகள் வந்தன. செரினும் சேர்த்துத் தின்றவற்றில் அவை குறைந்தன.

ஆனால் பிஎம்ஏஏ புரதத்துக்குள் நுழைவதையே சில ஆய்வகங்கள் ஏற்கவில்லை. எனக்கு அதைவிடப் பெரிய எச்சரிக்கை, இதே நோய்க்கு மருந்தாகக் கொடுத்துப் பார்த்த கிளை அமினோ அமிலங்கள் என்ற வேறொரு வகையின் கதை. 1988இல் சிறிய சோதனை நம்பிக்கை தந்தது. அப்புறம் இத்தாலியில் நடந்த பெரிய சோதனையில், அதைச் சாப்பிட்டவர்களிடையே இறப்பு அதிகமானதால் பாதியிலேயே நிறுத்தினார்கள்.

அதனால்தான் செரினின் முதல் கட்டச் சோதனையில் 20 நோயாளிகளுக்கு ஆறு மாதம், ஒரு வேளைக்கு அரை கிராம் முதல் 15 கிராம் வரை, தினம் இரண்டு வேளை கொடுத்து, உடம்பு தாங்குகிறதா என்றே முக்கியமாகப் பார்த்தார்கள். தாங்கியது. நோய் மெதுவானதா என்று சொல்ல அந்த எண்ணிக்கை போதாது. ஒப்பிட்டதும் பழைய சோதனைகளின் நோயாளிகளோடுதான். இன்னும் அதிகம் பேரில், பாதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை கொடுத்து, யாருக்கு எது என்று மருத்துவருக்கும் தெரியாமல், எழுத முடிகிறதா, மாடி ஏற முடிகிறதா என 48 புள்ளி அளவுகோலில் மாதக்கணக்கில் குறிக்க வேண்டும்.