ஏரியை ஆழமாகத் தோண்டினால் போதாதா?

பரந்தூர் விமான நிலையத் திட்டம் பற்றி ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "பாதி ஏரி போனால் என்ன? மீதிப் பாதியை இரண்டு மடங்கு ஆழமாகத் தோண்டினால் அதே தண்ணீர் நிற்குமே. அதற்கும் அந்த ஊர்க்காரர்கள் ஏன் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள்?"

பெருக்கல் கணக்காகப் பார்த்தால் அவர் சொல்வது சரி. பரப்பைப் பாதியாக்கி ஆழத்தை இரட்டித்தால் கொள்ளளவு மாறாது. ஆனால் வெள்ளம் வரும் நாளில் ஏரி செய்கிற வேலைக்கு இந்தப் பெருக்கல் உதவாது. ஏன் என்று புரிய, கரையின் ஒரு கோடியில், மிச்சத் தண்ணீர் வழிந்தோடும் கலங்கல் வரை போய்ப் பார்க்க வேண்டும்.

பின்னணி பலருக்குத் தெரிந்ததுதான். சென்னையிலிருந்து ஏறக்குறைய 70 கிலோமீட்டர் தள்ளி, காஞ்சிபுரம் மாவட்டத்தில் சென்னையின் இரண்டாவது விமான நிலையம் வரும் என்று 2022 ஆகஸ்டில் அறிவிப்பு வந்தது. ஏகனாபுரம், நெல்வாய், நாகப்பட்டு என்று பல ஊர்களின் நிலம் அதற்குள் அடங்கும். மொத்தம் 5,700 ஏக்கருக்குச் சற்று மேல். அதில் சுமார் கால் பங்கு ஏரி, குளம், கால்வாய். ஏகனாபுரத்துக்காரர்கள் அன்றிலிருந்து போராடுகிறார்கள். கிராம சபைகளில் எதிர்த்துத் தீர்மானம் போட்டார்கள். 2024 மக்களவைத் தேர்தலில் ஊரில் பெரும்பாலோர் ஓட்டுப் போடவே போகவில்லை. வீடு, நஞ்சை, கோயில், சுடுகாடு என்று அவர்கள் இழப்பது பல. நான் இங்கே தண்ணீரைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

ஏரியின் உறுப்புகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மேட்டிலிருந்து தண்ணீர் கொண்டுவருவது வரத்துக்கால்வாய். பள்ளத்துப் பக்கம் மறித்து நிற்பது கரை. வயலுக்குத் தண்ணீர் விடுவது மதகு. நிரம்பியபின் மிச்சத்தை வெளியேற்றுவது கலங்கல். கலங்கல் தாண்டிப் போகும் தண்ணீர் அடுத்த ஏரியின் வரத்துக்கால்வாயில் போய்ச் சேரும். காஞ்சிபுரம் வட்டாரத்தில் நிலம் கிழக்கே மெல்லச் சரிவதால், ஒன்றின் மிச்சம் இன்னொன்றின் வரவு என்று ஏரிகள் சங்கிலியாகப் பிணைந்திருக்கின்றன. பாலாற்றிலிருந்து பிரிந்து நாற்பது கிலோமீட்டருக்கு மேல் ஓடி ஸ்ரீபெரும்புதூர் ஏரியைத் தொடும் கம்பன் கால்வாய் இந்தச் சங்கிலிகளில் பலவற்றுக்குத் தண்ணீர் கொடுக்கிறது. அதன் ஒரு பகுதி திட்ட நிலத்துக்குள் வருகிறது.

இப்போது கலங்கல். பார்த்தால் கரையைவிடத் தாழ்வாகக் கட்டிய ஒரு கல் சுவர், அவ்வளவுதான். பழைய கலங்கல்களின் தலையில் வரிசையாகக் கற்கள் நட்டிருக்கும். மழைக்காலம் முடியும் தறுவாயில் அந்தக் கற்களின் நடுவே மண்ணும் புல்லும் வைத்து அடைத்து, இன்னும் கொஞ்சம் தண்ணீர் பிடித்துக்கொள்வார்கள். அடுத்த பெரிய மழை வந்தால் அடைப்பு தானே அடித்துக்கொண்டு போய்விடும். கதவு கிடையாது, மோட்டார் கிடையாது, நள்ளிரவில் யாரும் அதிகாரியை எழுப்பி உத்தரவு கேட்க வேண்டியதும் கிடையாது. 2015 சென்னை வெள்ளத்தின்போது, டிசம்பர் 1 இரவு, செம்பரம்பாக்கம் ஏரியின் ஷட்டர்கள் வழியே வினாடிக்கு 29,000 கனஅடி திறந்துவிட்ட கதையையும், எப்போது திறந்திருக்க வேண்டும் என்று பின்னால் நடந்த வாதங்களையும் நினைத்துப் பார்த்தால், இந்த ஊமைச் சுவரின் அருமை தெரியும்.

கலங்கலின் மேல் வழியும் நீரின் வேகம், அது எவ்வளவு உயரத்துக்கு ஏறி நிற்கிறதோ அந்த உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. பள்ளியில் படித்த டாரிசெல்லி விதிதான். நீர் பாயும் வாயின் அளவும் அதே உயரத்தோடு கூடுகிறது. இரண்டையும் பெருக்கினால் வெளியேறும் அளவு உயரத்தின் ஒன்றரை அடுக்காக வரும். உயரம் இரட்டித்தால் வெளியேற்றம் கிட்டத்தட்ட 2.8 மடங்கு. அதாவது தண்ணீர் கொஞ்சம் ஏறும்போது கலங்கல் கஞ்சத்தனமாக விடுகிறது. ஆபத்தாக ஏறினால் அள்ளி விடுகிறது. ஊரையும் பார்க்கிறது, கரையையும் பார்க்கிறது. மதுராந்தகத்தில் 1790களில் ஒரு பேய்மழை இரவில் ராமரும் லட்சுமணரும் வில்லோடு நின்று கரையைக் காத்ததைக் ஆங்கிலேயக் கலெக்டர் பிளேஸ் பார்த்தார் என்று கதை உண்டு. அங்கே ராமருக்கு ஏரி காத்த ராமர் என்றே பெயர். கதையை ரசிப்பதில் எனக்கு ஒரு தடையும் இல்லை. ஆனால் கலங்கல் அடைபட்டுக் கிடந்தால் ராமராலும் கரையைக் காக்க முடியாது என்பது என் கட்சி.

ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். நூறு ஹெக்டேர் பரப்புள்ள ஏரி, இருபது மீட்டர் அகலக் கலங்கல். நவம்பர் கடைசி என்பதால் ஏரி ஏற்கெனவே நிரம்பி, கலங்கல் மட்டத்தில் நிற்கிறது. ஐந்து சதுர கிலோமீட்டர் நீர்ப்பிடிப்பில் மூன்று மணி நேரத்தில் 10 சென்டிமீட்டர் மழை கொட்டுகிறது. அதில் பாதி ஓடிவந்தால் வரத்து வினாடிக்கு 23 கனமீட்டர், அதாவது 800 கனஅடிக்கு மேல். இத்தனையும் நூறு ஹெக்டேரில் பரவுவதால் நீர்மட்டம் 23 சென்டிமீட்டர்தான் ஏறும். அந்த உயரத்துக்குக் கலங்கல் வெளியே விடுவது 140 கனஅடிக்குள். மூன்று மணி நேரத்தில் வந்த வெள்ளம், அடுத்த ஒன்றரை நாளுக்கும் மேலாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது. ஏரி நிரம்பி வழியும்போதுகூட உச்சத்தை ஆறில் ஒரு பங்காகக் குறைத்துவிட்டது! நிரம்பிய ஏரியால் வெள்ளத்தைத் தடுக்க முடியாது என்று நினைப்பவர்களை இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கச் சொல்வேன்.

அப்புறம் வாசகரின் யோசனைப்படி ஏரியைப் பாதியாக்கி, ஆழத்தை இரட்டிப்போம். அதே மழை, அதே கலங்கல். பரப்பு ஐம்பது ஹெக்டேர் ஆனதால் நீர்மட்டம் 42 சென்டிமீட்டர் ஏறுகிறது. வெளியேற்றம் 320 கனஅடியைத் தாண்டுகிறது. கீழூருக்கு வரும் வெள்ளம் இரண்டு மடங்குக்கு மேல். தோண்டிய ஆழத்துக்கு இந்தக் கணக்கில் வேலையே இல்லை. கலங்கல் மட்டத்துக்குக் கீழே எத்தனை அடி தோண்டினாலும் அங்கே முன்பே தண்ணீர் நிற்கிறது. வெள்ளத்தின் தலையைத் தட்டுவது கலங்கலுக்கு மேலே விரியும் பரப்பு மட்டுமே.

பருவத்தின் முதல் மழையில் ஆழம் உதவும் என்பது உண்மை. காலி ஏரி கூடுதலாகக் குடித்துக்கொள்ளும், நிலத்தடி நீருக்கும் கொஞ்சம் நல்லது. ஆனால் மதகின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டிய தண்ணீர் வயலுக்குத் தானாகப் பாயாது, பம்ப் வைத்துத்தான் இறைக்க வேண்டும். ஏரிப் பாசன நிலத்தில், அதாவது ஆயக்கட்டில், பயிரிடும் விவசாயிக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. "ஆழப்படுத்தித் தருகிறோம், கால்வாயைத் திருப்பி விடுகிறோம்" என்ற பதில் ஏகனாபுரத்தில் எடுபடாததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

ஓடுபாதை இதில் எங்கே வருகிறது? பெரிய விமானங்களுக்கான ஓடுபாதையின் மொத்தச் சரிவு ஒரு சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது சர்வதேச விதி. நீளம் நான்கு கிலோமீட்டர் அளவுக்கு வேண்டும். வெள்ளம் ஏறாத உயரமும் வேண்டும். ஏரி நிலத்தில் இதற்கு ஒரே வழி மண் கொட்டி மேடாக்குவது. அப்படி உயர்த்திய மேடு, சரிவுக்குக் குறுக்கே கிடந்தால் அதுவும் ஒரு கரைதான், கலங்கல் இல்லாத கரை. மேற்கேயிருந்து வரும் தண்ணீர் தேங்கும், அல்லது ஓரமாக வெட்டிய ஒரே கால்வாயில் திரண்டு ஓடும். முன்பு பல ஏரிகளில் தங்கித் தங்கி வந்தது, இப்போது ஒரே நேரத்தில் கீழே போய்ச் சேரும். போதாததற்குக் கான்கிரீட்டில் விழும் மழை ஏறக்குறைய முழுவதும் ஓடும். கீழே போவது ஸ்ரீபெரும்புதூர், செம்பரம்பாக்கம், அடையாறு என்று சென்னைப் பக்கம். விமான நிலையத்தோடு கூடவே வரும் சாலைகளும் தண்டவாளங்களும் இதே சரிவை வெட்டும் மேடுகள்தான். அகலமாகப் பரவி வந்த நீரை நாலு குழாய்ப் பாலத்தில் நுழையச் சொல்வதால் என்ன ஆகும் என்பதைச் சென்னைப் புறநகரில் ஒரு மழைக்காலம் குடியிருந்தவர்கள் அறிவார்கள்.

மீனம்பாக்கத்தில் இரண்டாம் ஓடுபாதையை அடையாற்றின் மேல் பாலம் கட்டி நீட்டினோம். 2015 டிசம்பர் 1 இரவு ஆறு உள்ளே வந்தது. நிலையம் மறுபடி இயங்கத் தொடங்க 6ஆம் தேதி ஆனது.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. விமான நிலையத்துக்கு நீர்நிலைகளைப் பிடிக்காது, பறவைகள் வரும். நிலையத்தைச் சுற்றி 13 கிலோமீட்டர் வரை பறவைகளை இழுக்கும் இடங்களைக் கவனிக்க வேண்டும் என்று சர்வதேச வழிகாட்டுதல் சொல்கிறது. சுற்றுப்புற ஏரிகளைச் செழிப்பாக்கித் தருவோம் என்ற வாக்குறுதியும் விமானப் பாதுகாப்பும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கும்.

சென்னைக்கு இரண்டாவது விமான நிலையம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கேட்க வேண்டிய கேள்வியை மாற்றச் சொல்கிறேன். எத்தனை கனஅடி கொள்ளளவைத் திருப்பித் தருவீர்கள் என்பதை விட்டுவிட்டு, ஒவ்வொரு கலங்கலிலும் மணிக்கு மணி எவ்வளவு தண்ணீர் போகும், நிலையம் வருவதற்கு முன் எவ்வளவு, வந்த பின் எவ்வளவு என்று இரண்டு வரைபடம் கேட்க வேண்டும். அதைப் போடுவதற்கு மழையும் நீர்மட்டமும் பல ஆண்டுகள் அளந்த தரவு தேவை. உத்திரமேரூர்க் கல்வெட்டு என்றதும் நமக்குக் குடவோலை நினைவுக்கு வருகிறது. அந்த ஓலைகளால் தேர்ந்தெடுத்த குழுக்களில் ஒன்று ஏரி வாரியம் என்பதை மறந்துவிடுகிறோம். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் இதே மாவட்டத்தில் ஏரிக்கென்று ஆள் வைத்திருந்தார்கள். பல்லாயிரம் கோடித் திட்டத்துக்கு முன்பணமாகக் கலங்கலுக்கு ஓர் அளவுகோல், ஊருக்கு ஒரு மழைமானி, தினமும் குறித்துவைக்க ஒரு கல்லூரி மாணவருக்கு உதவித்தொகை, இவ்வளவுக்குப் பணம் ஒதுக்கலாம். எடுத்த தரவை ஊர்க்காரர்களும் பார்க்கும்படி பொதுவில் வைத்தால், யார் சொல்வது சரி என்று சத்தம் போடாமலே பேசிக்கொள்ளலாம்.