"இதில் நிலை எங்கே, தம்பி?": என்.வி.கியூ. எடுக்கப் போகிறவர்களுக்கு

கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கையில் ஒரு பையன் எட்டு மாதம் குளிரூட்டி திருத்தும் வேலை படித்தான். தங்க முத்திரை பதித்த சான்றிதழோடு நேர்முகத் தேர்வுக்குப் போனான். அங்கிருந்தவர் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதில் நிலை எங்கே, தம்பி?" என்று கேட்டார். நிலை இல்லை. அந்தப் பயிற்சிக்காக அடகு வைத்த அம்மாவின் காப்பு மட்டும் இன்னும் அடகில் இருக்கிறது.

அவர் கேட்ட நிலை, இலங்கையில் ஒருவருக்குத் தொழில் தெரியும் என்று காட்டும் தேசிய தொழிற் தகைமையின் நிலை. எல்லோரும் என்.வி.கியூ. என்கிறார்கள். மொத்தம் ஏழு நிலைகள்: நான்கு வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழாவது பட்டம். இதை மேற்பார்வை செய்வது மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு. 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் வந்தது. பின்னணி இவ்வளவு போதும்.

அந்தப் பையன் படித்த இடம் போலி இடமல்ல. ஆணைக்குழுவில் பதிவான நிறுவனம்தான், பதிவிலக்கம் சுவரில் தொங்கியது. பொறி அங்கேதான் இருக்கிறது. நிறுவனம் பதிவாகியிருப்பது வேறு, அது நடத்தும் பாடநெறி அங்கீகாரம் பெற்றிருப்பது வேறு. அங்கீகாரம் இல்லாத பாடநெறியை முடித்தால் கிடைப்பது அந்த நிறுவனத்தின் சொந்தச் சான்றிதழ் மட்டுமே. விளம்பரத்தில் "அரச பதிவு பெற்றது" என்று கொட்டை எழுத்தில் போடுவார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை என்பதுதான் எரிச்சல்.

ஆகவே காசு கட்டுமுன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "இந்தப் பாடநெறிக்கு, இந்தக் கிளையில், இன்றைய திகதியில் என்.வி.கியூ. அங்கீகாரம் உண்டா, எத்தனையாம் நிலை?" கிளை என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அங்கீகாரம் ஒவ்வொரு நிலையத்துக்கும் தனித்தனியே கொடுக்கப்படுவது. வத்தளையில் இருப்பது வெள்ளவத்தைக் கிளைக்குச் செல்லாது. அதற்குக் காலாவதியும் உண்டு. வாய்ப்பதிலை நம்பாமல் ஆணைக்குழுவின் இணையதளத்தில் பார்த்துவிடுங்கள். "விண்ணப்பித்திருக்கிறோம், வந்துவிடும்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

வேலை ஏற்கெனவே தெரிந்தவர்கள் பயிற்சிக்குக் காசு செலவழிக்கவே தேவையில்லை. கராஜில் பத்து வருடம் கை கறுத்தவரும், மேசன் பாஸின் கீழ் வேலை பழகியவரும் முன்கற்றல் அங்கீகாரம் என்ற வழியில் நேரே மதிப்பீட்டுக்குப் போகலாம். ஆர்.பி.எல். என்று கேட்டால் புரிந்துகொள்வார்கள். தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபை, அதாவது நைட்டா, இதற்கு விண்ணப்பம் ஏற்கிறது. அனுபவச் சான்றுகளைக் கோப்பாகக் கொடுத்து, செய்முறையில் செய்து காட்ட வேண்டும்.

இங்கே நம்மவர்கள் விழும் இடம் வேறு. பஞ்சிகாவத்தையில் கியர்பெட்டி மட்டும் பார்க்கிற ஆள் இருக்கிறார். கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டுவார். ஆனால் "மோட்டார் வாகன மெக்கானிக்" என்று விண்ணப்பித்தால் பிரேக், ஸ்டியரிங், எஞ்சின் எல்லாவற்றிலும் அவரைச் சோதிப்பார்கள். தெரு ஒருவரை ஒரே வேலையில் கெட்டிக்காரராக்குகிறது. தகைமையோ முழுத்தொழிலையும் கேட்கிறது. எந்தத் தொழிற்பெயரில் விண்ணப்பிக்கிறீர்களோ, அதில் என்னென்ன வேலை தெரிந்திருக்க வேண்டும் என்று அலகு அலகாகச் சொல்லும் தேசிய தேர்ச்சி நியமத்தை முதலில் வாங்கி, ஒவ்வொரு அலகாக வாசியுங்கள். செய்யாத வேலை இரண்டு மூன்று இருந்தால், பக்கத்துக் கராஜில் சில வாரம் நின்று பழகிவிட்டுப் போங்கள். சில அலகுகளில் தவறினால், அவை எவை என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். "சரிவரவில்லை" என்ற ஒற்றைச் சொல்லோடு வீட்டுக்குத் திரும்பாதீர்கள்.

அடுத்த தொல்லை, தன்னிடம் வேலை செய்தீர்கள் என்று முதலாளி எழுதித் தரும் சேவைக் கடிதம். எத்தனை நல்ல முதலாளியாக இருந்தாலும் இதைக் கேட்டதும் முகம் மாறும். ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியின் 8 வீதத்தோடு அவர் 12 வீதம் கட்டியிருக்க வேண்டும், கட்டியிருக்க மாட்டார். கடிதம் கொடுத்தால் அதுவே சாட்சியாகிவிடும் என்று பயப்படுவார். அந்தப் பணம் உங்களுடையது, அது தனிச் சண்டை. ஆனால் அந்தச் சண்டை முடியும்வரை தகைமையைத் தள்ளிப்போடாதீர்கள். வேலை செய்யும்போது எடுத்த படங்கள், வாடிக்கையாளர் கடிதங்கள், முன்னர் வேலை செய்த இடத்துக் கடிதம் என்று இன்றே சேர்க்கத் தொடங்குங்கள். இவற்றையும் சான்றாகக் காட்டலாம்.

இனி அலைச்சல். ஓர் அலுவலகத்துக்கு நான் ஒருவரோடு மூன்று முறை போனேன். முதல் நாள் உத்தியோகத்தர் கூட்டத்தில். இரண்டாம் நாள் படிவம் சிங்களத்தில் மட்டும். மூன்றாம் நாள் பழைய விண்ணப்பத்தையே காணவில்லை. அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரைப்படி கொழும்பிலும் அரச அலுவலரோடு தமிழில் அலுவல் பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு. மறுத்தால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறையிடலாம். செய்முறை மதிப்பீட்டுக்குத் தமிழ் தெரிந்த மதிப்பீட்டாளர் வேண்டுமென்றால் விண்ணப்பத்திலேயே எழுதுங்கள். அன்றைக்குப் போய்க் கேட்டால் இன்னொரு திகதி தருவார்கள், அதுவும் எப்போது என்று தெரியாது.

விண்ணப்பத்தின் பிரதியில் திகதி முத்திரை வாங்காமல் கவுண்டரை விட்டு நகராதீர்கள். முத்திரை போட மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை வைத்திருங்கள். மாதக்கணக்கில் சத்தமில்லையென்றால், 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் "என் விண்ணப்பம் யாருடைய மேசையில் இருக்கிறது?" என்று கேட்டு எழுதுங்கள். தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்லியாக வேண்டும். காணாமற்போன கோப்புகள் அந்தக் கடிதத்துக்குப் பிறகு கிடைத்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

சான்றிதழ் கைக்கு வந்ததும், பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்து வைக்க அவசரப்படாதீர்கள். ஆங்கிலத்தில் உங்கள் பெயர் கடவுச்சீட்டில் உள்ளபடியே இருக்கிறதா என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள். நம் பெயர்களில் ஓரெழுத்து கூடிக் குறைவது சாதாரணம். வெளிநாட்டு வேலைக்குப் போகும் நாளில்தான் அது பெரிதாகத் தெரியும். பிழை இருந்தால் அந்த இடத்திலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.